வெள்ளைக்கோட்டில் வந்த கல்யாணம்

கோர்னி ப்ரோத் ஊரில் யாரும் சாலையை மறிப்பதில்லை. கடக்கிறார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மதியம்வரை கடந்துகொண்டே இருப்பார்கள். சாலையைக் கடக்கப் போட்ட வெள்ளைக்கோட்டில் நடப்பவருக்கு வண்டி நின்று வழிவிட வேண்டும் என்கிறது சட்டம். எத்தனை தடவை நடக்கலாம் என்று சொல்ல மறந்துவிட்டது. அந்த மறதியை முதலில் கண்டுகொண்டவர், பள்ளிக்கூடத்தில் சமைத்து ஓய்வுபெற்ற ஸ்மில்யா. குவாரி லாரிகள் ஊருக்கு வெளியே போக ஒரு புறவழிச்சாலை வேண்டும், அதுதான் கோரிக்கை. லாரி போகும்போது தன் அலமாரியில் மிளகாய் ஊறுகாய் ஜாடிகள் ஆடுகின்றன என்பார். ஜாடிகள் இதுவரை மறுக்கவில்லை.

போலீஸ்காரன் ரத்கோ, அவர் ஊற்றிய பீன்ஸ் சூப்பில் வளர்ந்தவன்.

"எங்க போறீங்க அத்தை?"

"அந்தப் பக்கம்."

"இப்பதானே அங்கேருந்து வந்தீங்க?"

"குடைய வெச்சுட்டு வந்துட்டேன்டா."

"கையிலதான் இருக்கு!"

"அட ஆமா. அப்ப போய் வெச்சுட்டு வரேன்."

லாரியிலிருந்து ஒருவர் தலையை நீட்டிக் கத்தினார். "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுதா? எல்லாருக்கும் பொது!"

"அதத்தான் நானும் சொல்றேன் தம்பி. பொதுவா இருக்கிறதாலதான் நடக்கிறேன்."

இருவர் சொல்வதும் நியாயம். அதனால் இருவரும் நகரவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் விலகுவார்கள். "என் சொந்தப் பிள்ளையே வந்தாலும் வழி கிடையாது" என்று ஊர்க்கூட்டத்தில் மேசையைத் தட்டியவரும் ஸ்மில்யாதான். இந்தச் சனிக்கிழமை அந்தச் சொந்தப் பிள்ளைக்கே கல்யாணம். பெண்ணை அழைத்துவர மாப்பிள்ளையின் தாய் போவது வழக்கமில்லை. வீட்டில் காத்திருக்க வேண்டும். நடந்துகொண்டே காத்திருந்தால் என்ன தப்பு என்று கிளம்பிவிட்டார்.

ஏற்பாடெல்லாம் கச்சிதம். விடியலில் தார்ச்சாலை வழியாகப் போய், திரும்பும்போது மலைப்பாதையில் வரவேண்டும். போன வழியே கல்யாணக் கோஷ்டி திரும்பினால் குடும்பம் விளங்காது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். மாப்பிள்ளைத் தோழன் விதோயே, சாலை மறியலாயிற்றே என்று, போகும்போதே கோஷ்டியை மலைப்பாதையில் கூட்டிப்போய்விட்டான். திரும்ப மிஞ்சியது தார்ச்சாலைதான்.

பத்தரைக்கு ரிப்பன் கட்டிய கார்கள் வெள்ளைக்கோட்டுக்கு எதிரே வந்து நின்றன. பதினொன்றுக்குள் கோயிலில் இல்லாவிட்டால் பாதிரியார் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுவிடுவார். மறுநாள் தொடங்கும் நோன்பில் கல்யாணம் கிடையாது, இவர்களுக்கு அதெல்லாம் முடிந்த பிறகுதான்.

விதோயே ஓடிவந்தான். "ஸ்மில்யாக்கா, ஒரே நிமிஷம் விலகுங்க!"

"விலகினா பின்னாடி நாப்பது லாரி வரும். திரும்பி மலைப்பக்கம் போ."

"வந்த வழியேவா? பொண்ணோட அப்பா என்னை வெட்டிடுவாரு. யாராவது மயங்கி விழுந்துட்டதா சொல்லி, ஆம்புலன்ஸ் கணக்குல விடுங்களேன்!"

மகன் ஒக்னியன் காரிலிருந்து இறங்கினான். "அம்மா, எனக்குக் கல்யாணம் ஆகணுமா வேணாமா?"

ஸ்மில்யாவின் கால்கள் முதல்முறையாக நின்றன. தட்டிய மேசை ஒரு பக்கம், வெள்ளை உடுப்பில் கண்கலங்கிய பெண் ஒரு பக்கம். சாலையைப் பார்த்தார். மகனின் பளபளத்த ஷூவைப் பார்த்தார்.

"உனக்குக் காலில்லையாடா?"

"இருக்கு."

"காருக்குத்தான் வழியில்லேன்னேன். காலுக்கு யாரு இல்லேன்னா?"

ட்ரம்பெட் முழங்கியது. பெண், மாப்பிள்ளை, சொந்தபந்தம் எல்லாம் சட்டப்படி வெள்ளைக்கோட்டில் கடந்து, நடைபாதையேறிக் கோயிலுக்கு நடந்தன. பிளம் சாராயக் குடுவை லாரிக்காரர்கள் வரை போய் வெறுமையாகத் திரும்பியது. போராட்டக்காரர்களும் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்களே, கூடவே போய்விட்டார்கள்.

கோயிலில் சடங்குப்படி மணமக்கள் தலையில் கிரீடம் ஏறும்போது ரத்கோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அத்தை, கோட்டுல ஒரு ஆள் இல்ல. ஆனா நடுரோட்டுல கல்யாணக் கார் பூராவும் பூட்டிக் கெடக்கு. ஒரு லாரி நகரல. யார் மேல கேஸ் போடறது?"

ஸ்மில்யா ஆற அமர யோசித்தார். மெழுகுவர்த்தி பிடித்து நின்ற விதோயேயின் சட்டைப்பையில் சாவிகள் குலுங்கின.

"கேஸ் போடுடா ரத்கோ. இதுக்குப் பேருதான் மறியல்" என்றார் மெதுவாக. "நாங்க சும்மா நடந்துட்டிருந்தோம்."