எழுப்பும்போது சொல்லும் வார்த்தை

சீனாவின் வெய்ஹாய் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய குடியிருப்பில், தரைத்தள வீடு ஒன்றில் லுவான் ஷியூஜென் மாமனாரோடு இருந்தாள். புருஷன் மீன்பிடிக் கப்பலோடு போனவன் திரும்பவில்லை. வீடு மாமனார் பேரில். அதை விட்டால் அவளுக்குப் போக இடமில்லை.

மாமனார் கோங் கிழவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்தபின் கால்கள் பேச்சுக் கேட்கவில்லை. வாயிலிருந்து வருவதும் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான். மீன் சூப்பா, "பரவால்ல." புது மெத்தையா, "பரவால்ல." அந்த வார்த்தையோடு கிண்ணத்தை நகர்த்தினார் என்றால், அதை நாய்க்குக்கூட வைக்கக் கூடாது என்று அர்த்தம்.

"பிடிக்கலையா மாமா?"

"பிடிக்கலன்னு சொன்னேனா? பரவால்லன்னுதானே சொன்னேன்."

குளிர்காலத்தில் குடியிருப்பு மன்றத்தில் இலவச ஆங்கில வகுப்பு தொடங்கியது. ஆங்கிலத்தால் ஆக வேண்டியது எதுவும் ஷியூஜென்னுக்கு இல்லை. ஆனால் அந்த அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது. அந்த நேரத்துக்குக் கிழவரைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு சுய் அக்காவும் சம்மதித்தாள்.

ஒரு நாள் மூ வாத்தியார், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வது எப்படி என்று பாடம் எடுத்தார். ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றதும் வகுப்பே தரையைப் பார்த்தது. கடைசியில் ஓய்வுபெற்ற தபால்காரர் எழுந்து, தனக்கு மழை பிடிக்காது, மன்னிக்க வேண்டும் என்றார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். மழை கோவிச்சுக்காது," என்றார் வாத்தியார். "ஷியூஜென் அக்கா, உங்களுக்கு?"

"குளிர்."

"அது எல்லாருக்கும்தான். உங்களுக்கு மட்டும் பிடிக்காதது எது?"

அவளுக்கு ஓர் ஆள் ஞாபகம் வந்தது. வாத்தியார் பலகையில் எழுதியதை மட்டும் மனசுக்குள் படித்தாள்: ஐ கான்ட் ஸ்டாண்ட் யூ. உன்னைச் சகிக்க முடியவில்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் நிற்க முடியவில்லை என்றுதான் வருகிறது.

மறுநாள் காலை கிழவரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கும்போது, மூச்சோடு சேர்ந்து அது வெளியே வந்துவிட்டது.

"என்ன சொன்ன?"

"இங்கிலீஷ் மாமா. ஸ்டாண்ட்னா நில்லுன்னு அர்த்தம். தூக்குறப்ப சொல்றது."

அடுத்த நாள் அவள் பேசாமல் தூக்கினாள். கிழவர் மூட்டை மாதிரி அசையாமல் கிடந்தார். "இன்னும் சொல்லலையே."

அன்றிலிருந்து தினமும் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னால்தான் எழுந்தார். அதோடு நின்றிருந்தால் போகட்டும். முற்றத்து வெயிலில் சதுரங்கம் ஆடும் தன் கூட்டாளிகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். முக்காலியிலிருந்து எழும்போதெல்லாம் கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்து அன்போடு சொல்லிக்கொண்டார்கள். முழங்கால் வலி குறைகிறது என்று ஒருவர் சத்தியமே செய்தார்.

சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு டொராண்டோவிலிருந்து கிழவரின் மகள் ருய்லான் வரப்போகிறாள் என்று ஷியூஜென்னுக்குப் போன் வந்தது. மகளுக்கு அர்த்தம் தெரியும். அது கிழவர் காதுக்குப் போனால் இந்த வீட்டில் தனக்கு ஏது இடம்?

"மாமா, வெளிநாட்டுல அந்த வார்த்தையை மாத்திட்டாங்களாம்."

"எனக்குப் பழசே போதும்."

ருய்லான் பெட்டியை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தாள். மரியாதைக்காகக் கிழவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். அவள் பெட்டியை விட்டுவிட்டாள்.

சாப்பாட்டில் மீன் கொழுக்கட்டை. "யாருப்பா அந்த வார்த்தையைக் கத்துக்கொடுத்தது?"

"உங்க அண்ணிதான். தினம் காலைல சொல்லுவா."

ருய்லான் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். "அர்த்தம் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

ருய்லான் அப்பாவைப் பார்த்தாள். அவர் கொழுக்கட்டையை மென்றுகொண்டிருந்தார். "நாளைக்கு அப்பாவை நான் எழுப்புறேன். நீங்க தூங்குங்க," என்றாள்.

ஷியூஜென் தூங்கவில்லை. விடியும்போது துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் கட்டில் முனகியது. "கொஞ்சம் ஒத்துழைங்கப்பா." "பரவால்ல." எதுவோ உருண்டு விழுந்தது. "காலை ஊனுங்கப்பா." "பரவால்ல, பரவால்ல." பிறகு பெரிய மூச்சு. அதன் பின்னாலேயே ருய்லானின் குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல், ஐ கான்ட் ஸ்டாண்ட் யூ.

ஷியூஜென் மடித்த துணியோடு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"உச்சரிப்பு நல்லா இருக்கு," என்றார் கிழவர். "தூக்குறதுதான் பிடிக்கல. உங்க அண்ணியைக் கூப்பிடு."

பிடிக்கல. ஒன்றைப் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லி அந்த வீட்டில் ஷியூஜென் கேட்டதில்லை. கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். வியர்த்து நின்ற ருய்லான் அவள் முகத்தைப் பார்க்காமல் வழிவிட்டாள். அர்த்தத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்முன் ருய்லானே பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இலை துளிர்க்கும் சமயம் கோங் கிழவர் தூக்கத்திலேயே போய்விட்டார். சதுரங்கக் கூட்டாளிகள் வரிசையாக வந்து படத்துக்கு முன் மூன்று முறை குனிந்தார்கள். நிமிரும்போது ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். டொராண்டோவிலிருந்து ஓடிவந்திருந்த ருய்லான் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று சுய் அக்காவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஷியூஜென் மண்டியிட்டுக் கும்பிட்டாள். எழப் பார்த்தாள், கால்கள் வரவில்லை. ருய்லான் வந்து அவள் கக்கத்தில் கைகொடுத்தாள். இந்த முறை சரியாகவே பிடித்திருந்தாள். காதருகில் குனிந்து, எழுப்பும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.