ஏழு பேர் ஆடிய பாட்டு

என் வீட்டு பீரோவின் மேல் ஒரு கேடயம் இருக்கிறது. சுற்றியிருந்த கண்ணாடித் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதில் பெரியம்மாவின் பெயரும், கீழே 'திரையில் ஆடிய கால்களுக்கு எங்கள் வணக்கம்' என்ற வரியும் இருக்கின்றன. வரி என்னுடையதுதான். எழுதிய அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது தூசி தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. மணவாள நகரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். பதினாறு வயதில் சினிமாவில் குரூப் டான்ஸராகச் சேர்ந்து, தலை மட்டும் தெரியும் கடைசி வரிசையில் ஆடி, முன்வரிசைக்கு வர ஆறு வருடம் பிடித்தது அவளுக்கு. அப்புறம்தான் அந்தப் பாட்டு. பளிங்கு மண்டபம் மாதிரி போட்ட செட்டில் ஏழு பெண்கள் ஆடுவார்கள், நடுவில் பெரியம்மா. அந்த ஒரு பாட்டு அவளை எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விட்டது. தனி நடனங்கள், பிறகு கதாநாயகிகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கும் வேலை, தலை நரைத்த பிறகு அரசு விருது, சங்கங்கள் கொடுத்த பட்டங்கள். பொன்னாடைகளே ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. "பேருதான் பொன்னாட. ஈரம் தொடைக்கக்கூட ஆவாது" என்பாள்.

டிவியில் அந்தப் பாட்டு வந்தால் நாங்கள் ஓடிவந்து உட்காருவோம். அவள் மட்டும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு எண்ணுவாள். "ஏழு... ஏழு... இப்ப பாரு, ஆறு." கடைசிச் சரணத்தில் நிஜமாகவே ஆறு பேர்தான் ஆடுவார்கள். எங்களுக்கு அது விளையாட்டு. நான் வேலைக்குப் போன பிறகுதான் காரணத்தைச் சொன்னாள்.

அந்தக் காலத்தில் செட்டுக்குள் நுழைந்ததும் ஆடும் பெண்கள் குதிகாலால் பலகையைத் தட்டிப் பார்ப்பார்களாம். சத்தம் வேறாகக் கேட்டால் தச்சரைக் கூப்பிட்டு அடியில் முட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். அன்றைக்கு ஒரு பலகை பெரியம்மாவுக்குச் சரியாகப் படவில்லை. உதவி இயக்குநரிடம் சொன்னாள். "ஒரே ஒரு டேக்தாம்மா" என்றாராம். முன்வரிசை இடம் போய்விடுமோ என்று இவளும் வாயை மூடிக்கொண்டாள். அந்த டேக்கில் பக்கத்தில் ஆடியவள் பலகையோடு உள்ளே போனாள். அவள் பிறகு ஆடவே இல்லை. மிச்சப் பாட்டை ஆறு பேரை வைத்து எடுத்து முடித்தார்கள். "எனுக்குக் குடுத்த மெடலு எல்லாம் அந்தப் பாட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

அந்த விபத்துக்குப் பிறகு அவள் எந்தத் தரையையும் நம்பவில்லை. ரயில்வே மேம்பாலம், கல்யாண மண்டபம், என் புது வீட்டு டைல்ஸ், எல்லாவற்றுக்கும் குதிகாலால் மூன்று தட்டு. நாங்கள் கேலி செய்வோம்.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆண்டு விழாவில் அவளைக் கௌரவிக்க ஏற்பாடு செய்தது நான்தான். ஊழியர்களின் குழந்தைகள் ஏழு பேர் அதே பாட்டுக்கு ஆடுவார்கள், பிறகு கேடயம். ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மா மேடையில் ஏறினாள். சிவப்பு விரிப்பின் மேல் மூன்று தட்டு. நடுவில் போய் மறுபடியும் தட்டினாள். முகம் வெளுத்துவிட்டது.

"அடியில முட்டு இல்ல. புள்ளைங்கள ஏத்தாத."

பந்தல்காரரைக் கூப்பிட்டேன். "இன்னாக்கா, நேத்து பத்து பேரு இதும்மேல நின்னுக்கினு இருந்தோம்" என்று சிரித்தார். மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

"ஒரே ஒரு பாட்டுதான் பெரிமா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மேடையை விட்டு இறங்கிப் போய் உட்கார்ந்தாள்.

குழந்தைகள் ஏறினார்கள், பாட்டு ஆரம்பித்தது. இரண்டு வரி போவதற்குள் பெரியம்மா எழுந்து மேடையேறி மைக்கைப் பிடித்தாள். "பாட்ட நிறுத்து." ஆடப்போகிறாள் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. அவளோ படியோரம் நின்று ஒவ்வொரு குழந்தையாகக் கையைப் பிடித்து இறக்கினாள். "ஒண்ணு... ரெண்டு..." மைக்கில் எண்ணிக்கை கேட்டது. நாளைக்கு எப்படி ஆபீசுக்குப் போவது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது குழந்தை மிரண்டுபோய் நடுவிலேயே நின்றுவிட்டது. பெரியம்மா அங்கே போய் அதை என் பக்கம் தள்ளிவிட்டாள். ஓடிவந்த குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன்.

"ஏழு" என்றாள். பலகை முறிந்தது.

இடுப்பெலும்பு போயிற்று. ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் குழந்தைகள் வந்தபோது விரலை நீட்டி எண்ணினாள். ஏழில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பாட்டு வந்தாலும் அவள் எண்ணவில்லை. கேடயத்தை இரண்டு முறை பையில் எடுத்துப்போய், கொடுக்காமலே திரும்பினேன். ஒருநாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "உடு. அன்னிக்கு நானும்தான் கம்முனு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. பெரியம்மா அந்தக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை; ஐந்தாம் மாதக் கடைசியில் போய்விட்டாள்.

அடுத்த மாதம் மறுபடி ஆண்டு விழா. பந்தல் அதே ஆள்தான். "போன தபா நேரம் சரியில்லக்கா" என்கிறார். மேடை போட்டதும் நான் ஏறித் தட்டிப் பார்ப்பேன், அதுவரை ஒரு குழந்தையும் ஏறாது என்று சொல்லிவிட்டேன். தட்டினால் எனக்கு என்ன கேட்கும்? என் காதுக்கு எல்லாப் பலகையும் ஒன்றுதான். நேற்று பீரோ மேலிருந்து கேடயத்தை இறக்கி, முகத்தைத் திருப்பாமல் அந்த வரியைப் படித்தேன். அந்தக் கால்களுக்கு வணக்கம் எழுதியவள் நான். அவை சொன்னதைக் கேட்காதவளும் நான்தான்.