பன்னிரண்டு கிலோ இருக்கை

அடுத்த வீட்டு ஷிமோதைரா வாரத்தில் ஆறு நாள் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறவர். நிறைந்தால் இருபது டன். அந்தக் கனத்தில் கொஞ்சத்தைத் தினமும் தோளில் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

ஞாயிறு மட்டும் எழுநூறு கிலோ. அறுநூற்று அறுபது சிசியில் இருவர் உட்காரும் குட்டிக் கார், வயது முப்பது. அதில் மலைப்பாதையில் நாற்பதில் போனாலே பறப்பதுபோல இருக்கும். "ஸ்டியரிங்க திருப்பவே வேணாம் தம்பி. திரும்பணும்னு நெனச்சா போதும்," என்றார் ஒருமுறை. அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

இன்னும் எடை குறையட்டும் என்று ரேடியோவைக் கழற்றினார், கால்விரிப்பை எடுத்தார். பதினோரு வருடம் முன் பக்கத்து இருக்கையையும் கழற்றினார். அதை அவர் மனைவி மசுமி வாசல் நடையில் வைத்துக்கொண்டார், உட்கார்ந்து செருப்பு மாட்ட. ஆனால் பதிவுத்தாளில் இரண்டு இருக்கை. அதனால் இரண்டு வருடத்துக்கொருமுறை வாகனச் சோதனைக்கு முதல்நாள் அது காருக்குத் திரும்பும். தூக்க என்னைக் கூப்பிடுவார்கள்.

குளிர்காலத்தில் மசுமியின் கார் செத்துப்போனது. இனி வீட்டுக்கு ஒரே கார்தான் என்று முடிவாயிற்று. குட்டிக் காரை விற்றுவிட்டு உயரமான பெட்டிக் கார் வாங்குவது. சோதனை முடிந்த மறுநாள் குட்டிக் காரை வாங்க ஆள் வருவதாக இருந்தது.  ஷிமோதைரா நான்கு நாள் காரைத் துடைத்தார்.

சோதனை தேறி வந்த மாலை, ஒரு கையால் கதவையும் மறுகையால் கூரையையும் பிடித்து, மூன்றாவது முயற்சியில் வெளியே வந்தார்.

மசுமி பார்த்துக்கொண்டிருந்தார். "சீட்டுல பன்னெண்டு கிலோ கொறச்சீங்க. வயித்துல பதினஞ்சு ஏத்திட்டீங்க."

"அதான் விக்கிறோமே."

"எதுக்கு விக்கிறோம்?"

"உன் முட்டிக்குத்தான். இதுல ஏறி எறங்க உன்னால முடியாது."

"கேட்டீங்களா என்னை?"

ஷிமோதைரா என்னைப் பார்த்தார். நான் குட்டிக் கார்களுக்கே உரிய அந்த மஞ்சள் எண்பலகையைப் பார்த்தேன்.

மசுமி மறுபக்கக் கதவைத் திறந்து, பின்புறம் காட்டி, தொப்பென்று இருக்கையில் விழுந்தார். பிறகு இடதுகையை முட்டியில் ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் உருட்டி எழுந்து நின்றார். ஒரே முயற்சி. பதினோரு வருடமாக, நடையில் தினமும் நாலு தடவை, அதே இருக்கையிலிருந்து அப்படித்தான் எழுந்திருக்கிறார்.

ஷிமோதைரா குனிந்து அந்த இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"ரெண்டு பேர் ஏறினா மேட்டுல வண்டிக்கு மூச்சு வாங்கும்," என்றார்.

"வாங்கட்டும். எனக்கும்தான் வாங்குது."

"நாளைக்கு வர்றவன்கிட்ட என்ன சொல்றது?"

"நீங்களே சொல்லுங்க. நான் அசந்துபோயிருக்கேன்."

ஷிமோதைரா இருக்கையைக் கழற்றி மாட்டும் ஸ்பானரைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் தந்துவிட்டுக் கைப்பேசியைத் தேடினார். நடையில் இருக்கை இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. மசுமி ஒரு பீர்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினார்.