ராஜாவின் முதுகில் அந்தோணிசாமி

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே பிரேம் கடை வைத்திருக்கிறார் என் பெரியப்பா மகன் ராயப்பன். இருபது வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் இறந்தவர்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டிருக்கிறார். தன் அப்பா அந்தோணிசாமிக்கு மட்டும் போடவில்லை. அவர் படம் கடை மேசை இழுப்பறையில், ஆணி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. யாராவது கேட்டால், "மாட்ற எடம் இன்னும் வரல" என்பார்.

எட்டாவதோடு படிப்பை விட்டு விழுப்புரத்துக் கடை ஒன்றில் தொழில் கற்றவர். மாதா, முருகன், கட்சித் தலைவர், கல்யாண ஜோடி, எல்லாருக்கும் ஒரே ஆணிதான் என்று சிரிப்பார். ஒரு விஷயத்துக்கு மட்டும் சிரிக்க மாட்டார்.

பதினொரு வருஷத்துக்கு முன், ஐப்பசி அடைமழையில் பெரியப்பா இறந்தார். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பீடம் ஒன்று, சாமியார் ஒருவர். கல்லறை மட்டும் இரண்டு. கோயிலை ஒட்டி மேலத்தெருக்காரர்களுடையது. ஏரிக்கரைக்குக் கீழே காலனிக்காரர்களான எங்களுடையது. அன்று ஏரிப் பாதையில் இடுப்பளவு தண்ணீர். முன்பக்கமாகவே போய்விடலாம் என்று பெட்டியை மேலத்தெருவில் தூக்கி வந்தோம். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் தலைவர், மேலத்தெரு ராஜாமணி, தன் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினார்.

"பழக்கத்த மாத்தாத ராயப்பா. பின்பக்கமா போங்க."

போனோம். தண்ணீரில் பெட்டி சாய்ந்தது. குழிக்குள் இறக்கும்போது உள்ளே நீர் அலம்பிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. திரும்பும் வழியில் அண்ணன் என்னிடம் சொன்னார்: "இந்தாளு கையாலயே எங்கப்பாவ அந்தத் தெருவுல தூக்கிக்கினு வர வைக்கிறேன் பாரு."

போன வருஷம் கோயிலுக்கு நூற்றாண்டு. வெளிநாட்டுக்குப் போன ஊர்ப் பிள்ளைகளிடம் சாமியார் காணிக்கை கேட்டார். நான் பிரான்ஸில் துலூஸிலிருந்து மூன்று அச்சுப் படங்கள் அனுப்பினேன். அறுநூறு வருஷத்துக்கு முன் கன்றுத்தோலில் கையால் எழுதிய புத்தகங்களில், பொன்னும் நீலமுமாக வரைந்தவற்றின் நகல்கள். மூன்றுமே மனம் திரும்பியவர்கள் கதை. குதிரையிலிருந்து தலைகுப்புற விழும் பவுல். அத்திமரத்தடியில் அழும் அகுஸ்தீன். மூன்றாவதுதான் பெரியது: ஞானஸ்நானத் தொட்டியில், கிரீடத்தைத் தவிர ஒன்றுமில்லாமல் நிற்கும் ஒரு ராஜா.

சட்டம் போட ராஜாமணியே கடைக்குக் கொண்டு வந்தார். "பிஷப் வந்து மந்திரிக்கப் போறாருடா. நல்ல பீடிங் சட்டமா போடு."

"தங்கமாட்டம் போட்டுத் தர்றேங்க."

மறுநாள் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். மேசையில் ராஜா குப்புறக் கிடந்தார். முதுகெல்லாம் மைதாப் பசை. அதன்மேல் பெரியப்பாவின் படம்.

"இன்னாண்ணே பண்ற? தெரிஞ்சா கடைய கொளுத்திடுவாங்க. ஜல்தியா பிரிச்சு எடுத்துடு!"

"பிரிச்சா ராஜாவும் கிழிவாரு. நீ அனுப்பிச்ச ராஜாவ நீயே கிழிக்கச் சொல்றியாமே?"

"எனக்கு இங்க தூக்கம் வராதுண்ணே."

"அது அந்த ஊர்க் குளுரு. போத்திக்கினு படு."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அட்டையை வைத்து, ஆணி அடித்து, பழுப்புத்தாள் ஒட்டிவிட்டார்.

திருவிழாவை யூடியூபில் பார்த்தேன். படங்களைப் பேரவைக்காரர்கள் மேலத்தெரு வழியாகப் பவனியில் ஏந்தி வந்தார்கள். பெரிய படம் தலைவருக்குத்தானே? ராஜாவை நெஞ்சோடு அணைத்து, செருப்பில்லாத காலோடு, வியர்க்க வியர்க்க வந்தார் ராஜாமணி. டிராக்டர் நின்ற இடத்தைத் தாண்டினார். பேண்டு முழங்கியது. பிஷப் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மேலத்தெருச் சனம் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

அதோடு விட்டிருந்தால் போதும் என்பது என் எண்ணம். அண்ணனுக்குப் போதவில்லை. வாங்கியவனுக்கே தெரியாத அடி என்ன அடி? பிஷப் கார் கிளம்பியதும், சாமியார் பக்கத்தில் நின்ற ராஜாமணியிடம் போனார்.

"ஐயா, கை வலிக்குதுங்களா?"

"இன்னா கனம்டா அந்தக் கண்ணாடி!"

"கண்ணாடி மட்டும் இல்லீங்க. ராஜா முதுகுல எங்கப்பாவ ஒட்டி வெச்சிருக்கேன். அன்னிக்கு டிராக்டர் விட்டு மறிச்சீங்களே, அதே தெருவுல நீங்களே தூக்கிக்கினு வந்தீங்க. ரொம்ப நன்றிங்க."

ராஜாமணி உள்ளங்கையை வேட்டியில் துடைத்தாராம். "எறக்குங்கடா அத! பிரிச்சு எறிங்க!"

சாமியார் குறுக்கே வந்தார். "மந்திரிச்சதை எறியக் கூடாது. எரிக்கணும், இல்ல மந்திரிச்ச மண்ணுல புதைக்கணும்."

பிஷப் கை பட்ட சாமி படத்துக்குத் தீ வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. மாட்டி வைக்கவும் மனமில்லை. ராஜாமணி ஒரு வழி கண்டுபிடித்தார். "இவங்க கல்லறையிலயே போட்டுப் பொதைங்க."

"அதுதான் மந்திரிச்ச மண்ணு இல்லீங்களே," என்றார் அண்ணன். "மந்திரிக்க பிஷப்ப கூட்டியாங்கன்னு நாங்க கேட்டப்பல்லாம், அது ஏரிப் பொறம்போக்கு, மந்திரிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

மேலத்தெருக் கல்லறையில் எல்லா இடமும் குடும்பத்துக்குக் குடும்பம் ஒதுக்கியவை. யாரும் தரவில்லை. ஒரு வாரம் படம் சாமியார் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் ராஜாமணி, தன் அம்மாவின் கல்லறையை ஒட்டித் தனக்கென்று வைத்திருந்த இடத்தையே விட வேண்டியதாயிற்று. உச்சி வெயிலில், சட்டத்தோடு கண்ணாடியோடு, ராஜாவையும் பெரியப்பாவையும் புதைத்தார்கள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, சாமந்தி மாலையோடு மேலத்தெரு நடுவில் நடந்து போனார். ராஜாமணி தன் அம்மா கல்லறையில் நின்றிருந்தார். அண்ணன் மெழுகுவத்தியை ஊன்றிவிட்டு, "ஐயா, நெருப்பு இருக்குங்களா?" என்று கேட்டார். ராஜாமணி தீப்பெட்டியைக் கையில் தரவில்லை. கல்லறை மேல் வைத்தார். அண்ணன் பற்றவைத்துக்கொண்டு, தீப்பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று போனில், கடைக்கு இன்சூரன்ஸாவது போடச் சொல்லி நான் மன்றாடினேன்.

"அது கெடக்கட்டும்மே," என்றார். "அந்தாளு செத்தா எங்க வெப்பாங்க, சொல்லு? அம்மா பக்கத்துல படுக்கணும்னா எங்கப்பாவத் தோண்டணும். தோண்டுவாங்களா? ஏரிக்குக் கீழ நம்ம பக்கம் நெறைய எடம் இருக்கு. வரட்டும். நாம டிராக்டர் விட மாட்டோம்."