பாதி இசைத்தட்டின் விலை

"முழுசா இருந்தா ஆயிரம் பெறுற ஒரு பொருள். அதுல பாதிதான் கையில இருக்கு. அந்தப் பாதிக்கு என்ன விலை, சொல்லு?"

அத்தை இதைக் கேட்டபோது நான் பள்ளிக்கூடத்தை முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று, "ஐந்நூறு" என்றேன்.

"ஒத்தைச் செருப்பைப் பாதி விலைக்கு வாங்குவியா?"

"அப்போ ஒண்ணுமில்ல."

"இன்னொரு செருப்பு வச்சிருக்கறவனுக்கும் ஒண்ணுமில்லையா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது அபூர்வம். என் பட்டப்பெயரே அவசரக்குடுக்கை.

அத்தை என் அப்பாவின் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. வாரத்தில் ஆறு நாள் கண்ணாடியில் கீறல் தேடுவாள். ஏழாம் நாள், பேருந்து பணிமனைக்குப் பின்னால் கூடும் பழைய பொருள் சந்தைக்குப் போய் இசைத்தட்டில் கீறல் தேடுவாள். தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றுவாள். பிறகு நடு ஓட்டையைப் பார்ப்பாள். பிளேயரின் நடுவில் நிற்கும் முனையில் மாட்டத் தெரியாமல் தடவியவர்கள் ஓட்டையைச் சுற்றி மெல்லிய கோடுகளை விட்டுவைத்திருப்பார்கள். உறையை முகர்வாள். அதற்குப் பிறகுதான் விலை சொல்வாள். ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை அதுவரை பார்க்கவே மாட்டாள். சீட்டில் அதைவிடக் குறைவாக இருந்தால், "ஏமாந்துட்டீங்களே" என்று கடைக்காரரிடமே சொல்லிவிடுவாள். அதனால் சந்தையில் சண்டை வந்தால், "அந்த அம்மாவைக் கூப்பிடு" என்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் விலை சொல்லத் தெரியவில்லை.

அது ஒரு வயலின் கலைஞரின் மேடைக் கச்சேரி, இரண்டு தட்டுகளில் வந்தது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே கடையில், ஒரு மூலையில் அத்தைக்குப் பெட்டியோடு முதல் தட்டு கிடைத்தது. மறு மூலையில் வெறும் காகித உறையில் கிடந்த இரண்டாம் தட்டு ஒரு பூட்டுக்காரருக்குக் கிடைத்தது. கடைசி வாசிப்பு நீளமானது. முதல் தட்டின் முடிவில் வயலின் மேலே ஏறும், இன்னும் ஏறும், உச்சிக்குப் போகப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடிக்கும்போது டிக், டிக், டிக். தட்டு முடிந்துவிடும். மீதி, பூட்டுக்காரர் வீட்டில்.

பூட்டுக்காரர் வெள்ளைக் கையுறை போடாமல் எந்த இசைத்தட்டையும் தொட மாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் அந்தக் கடை முன்னால் நின்று ஒரே வசனத்தைப் பேசுவார்கள்.

"உங்களோடதை எனக்குக் கொடுங்க. இருநூறு தரேன்."

"நானும் இருநூறு தரேன் அக்கா, உங்களோடதைக் கொடுங்க."

"யாரு அக்கா? உங்களுக்கு என்னைவிட ஆறு வயசு அதிகம்."

"சரி, ஒரு தடவை போட்டாவது காட்டுங்களேன்" என்று அத்தை கேட்டால், "கேட்டுட்டா அப்புறம் எதுக்கு வாங்குவீங்க?" என்பார்.

கடைக்காரர் ஒரு நாள் பொறுக்காமல், "பேசாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கங்க. ரெண்டு தட்டும் ஒரே வீட்டுக்கு வந்துடும்" என்றார்.

"ஒரு தட்டுக்கு அது ரொம்ப அதிக விலை" என்றாள் அத்தை.

"எதுக்கும் என் வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் பூட்டுக்காரர்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். வழக்கம்போல என் வாய் முந்திக்கொண்டது. "ஒருத்தர் விலை சொல்லுங்க. அந்த விலைக்கு வாங்கறதா, விக்கறதான்னு இன்னொருத்தர் முடிவு பண்ணட்டும். எங்க வீட்டுல கேக்கை அப்படித்தான் பங்கு போடுவோம். தம்பி வெட்டுவான், நான் முதல்ல எடுப்பேன்."

கடைக்காரர் கைதட்டினார். காசைச் சுண்டினார்கள். அடுத்த ஞாயிறு விலை சொல்ல வேண்டியது அத்தை என்று ஆனது.

அந்த வாரம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

"ஐயாயிரம்னு சொல்லிடு" என்றார் அப்பா.

"அந்த விலைக்கு அவர் வித்துட்டார்னா? பணத்துக்கு எங்கண்ணா போறது?"

"அப்போ அம்பதுன்னு சொல்லு."

"அம்பதுக்கு என்னோடதை அவர் வாங்கிட்டார்னா?"

அப்பா செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஒரு விலை இருக்கணும்டி. கிடைச்சாலும் சரி, போனாலும் சரின்னு தோணுற விலை. அதுதான் நியாய விலை."

சனிக்கிழமை இன்னொன்றும் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. அவள் தட்டு வளைந்திருக்கிறதாம். ஐந்து வருடத்துக்கு முன், கண்ணாடிக் கடை ஜன்னலோரம் ஒரு மத்தியானம் வெயிலில் வைத்து மறந்துவிட்டாளாம்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ சொல்லாதீங்க அத்தை!"

"குறையை மறைச்சுச் சொல்ற விலை ஒரு விலையாடி?"

ஞாயிறு காலை பாதிச் சந்தை அந்தக் கடை முன்னால் நின்றது. அத்தை விலை சொல்வதற்கு முன் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது வளைஞ்சிருக்கு. பார்த்துக்கங்க."

கூட்டம் "அடடா" என்றது. பூட்டுக்காரர் கொஞ்ச நேரம் கையுறையின் விரல்நுனியை இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் தட்டை வெளியே எடுத்தார்.

"இதுல ஒரு கீறல் இருக்கு. பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன், சாவிக்கொத்து மேல விழுந்துடுச்சு. அன்னைக்கிலிருந்துதான் இந்தக் கையுறை."

அத்தை அதை வாங்கி வெயிலுக்குச் சாய்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். சுற்றினாள். அந்த நேரம் அவள் என் அத்தை இல்லை. சந்தை கூப்பிடும் அந்த அம்மா. "குறை இல்லாம இருந்தா ரெண்டும் சேர்ந்து ஆயிரம். இந்த நிலைமையில பாதிக்கு நூத்தியெண்பது. அதுக்கு மேல யார் கொடுத்தாலும் ஏமாளி."

பூட்டுக்காரர் கண்ணை இறுக்க மூடித் திறந்தார்.

"வாங்கறேன்."

அத்தை தட்டைப் பெட்டியில் வைத்து நீட்டினாள். நீட்டினாளே தவிர, விரல்கள் உடனே விடவில்லை. பூட்டுக்காரர் மெதுவாக இழுக்க வேண்டியிருந்தது.

ஆனால் மனுஷர் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடவில்லை. "வாங்க அக்கா, இப்போ முழுசா கேட்கலாம்" என்று கடைக்காரரின் பிளேயரிலேயே போட்டார். முதல் தட்டு அலைபோல ஏறி இறங்கிச் சுற்றியது. வயலின் ஏறியது, ஏறியது, டிக், டிக். அவர் அவசரமாகத் தட்டை மாற்றினார். வயலின் விட்ட இடத்தில் தொடர்ந்தது. சந்தையே மூச்சைப் பிடித்தது. சரியாக உச்சிக்குப் போகும் நேரம், அதே நாலு சுரம், அதே நாலு சுரம், அதே நாலு சுரம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தையும்தான். கடைக்காரர் விரலால் முள்ளைத் தட்டினார். அது ஒரே தாவில் உச்சியைத் தாண்டி இறக்கத்தில் போய் விழுந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மூன்றாவது தெருவில் அத்தை நின்றாள்.

"நான் சொன்ன விலை தப்புடி."

"சரியாத்தானே சொன்னீங்க? எல்லாரும் தலையாட்டினாங்களே."

"சந்தைக்கு அது சரி. போனாலும் பரவாயில்லைன்னு எனக்குத் தோணியிருக்கணும்ல? தோணலையே." கையில் இருந்த பணத்தைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் விலை சொன்னேன். என் ஆசையை மட்டும் கணக்குல சேர்க்க மறந்துட்டேன்."

பிறகு அவளே சிரித்தாள். "நீயும் உன் கேக்கும்!"

அந்தச் செட் மொத்தமே சில நூறு பிரதிதான் வெளிவந்ததாம். இணையத்தில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்தவர்கள் பழைய தட்டு சேர்க்கும் யாரிடமாவது சொல்லுங்கள்; அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். கடைசி வாசிப்பு முதல் தட்டில் அறுந்து இரண்டாவதில் தொடரும் ஒரு வயலின் கச்சேரி. எங்காவது, யார் பரணிலாவது ஒன்று இருக்கும். வளைந்திருந்தாலும் பரவாயில்லை; அதை முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். இந்த முறை விலையை நீங்களே சொல்லுங்கள். அத்தை சொல்ல மாட்டாளாம்.

ஆனால் இரண்டு தட்டும் இருக்க வேண்டும்.