தன் வீட்டுக்கு அரை வாளி கூடுதல்

கலவைக்காரர் தன் மனைவியைக் கறுப்பு அறையில் பூட்டி வைத்திருக்கிறார், கத்தினாலும் வெளியே கேட்காது என்று தெருவில் பேச்சு. சொன்னவர்கள் யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே விவரங்கள் துல்லியமாக இருந்தன. போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

கதவைத் திறந்ததே அந்த மனைவிதான். கழுத்தில் அளவு நாடா.

"என்னையா பூட்டுறாரு? சாவி எங்கன்னு தினமும் என்னைத்தான் கேக்கறாரு!"

உள்ளே கலவைக்காரர் அசடு வழிய உட்கார்ந்திருந்தார்.

அறை கறுப்புத்தான். காரணம், மனைவியின் தையல் மெஷின். அடுத்த வீட்டுப் பெரியவருக்கு அது மண்டைக்குள் ஓடியது. வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் சத்தம் நிற்கவேண்டும், இல்லையேல் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

கலவைக்காரருக்குப் பிழைப்பே சத்தத்தை அடக்குவதுதான். உருகிய பிளாஸ்டிக்கில் கல் மாவைக் கலந்து, சுவரில் மாட்டும் கனத்த கறுப்பு ஷீட் போடும் ஆலையில் பதினெட்டு வருஷம். மாவு ஏறினால் எடை ஏறும், எடை ஏறினால் சத்தம் அடங்கும். அதற்கும் ஓர் அளவு உண்டு. ஊருக்கெல்லாம் இம்மி பிசகாமல் போடுகிறவர், மேலாளரிடம் கேட்டுச் தன் வீட்டுக்குப் போட்டபோது அரை வாளி மாவைக் கூட்டிவிட்டார். பெண்டாட்டிக்கு அளந்தா போடுவார்கள்?

சுவர் மூலையில் மடக்கியதும் ஷீட் பிஸ்கட் மாதிரி விண்டது. விரிசல் வழியே சத்தம் பெரியவர் வீட்டுக்கு நடையைக் கட்டியது.

"பாசத்தைக் கொறைச்சுக்கிட்டு இன்னொண்ணு போட்டுட்டு வாங்கன்னேன்," என்றார் மனைவி.

போட்டார், சரியான அளவில். அது ஈரத்துணியாகத் துவண்டு மூலையோடு ஒட்டிக்கொண்டது. கெடு முடியும் நாளில் வீட்டுக்காரம்மா பெரியவர் வீட்டுச் சுவரில் காதை வைத்தார்.

"மெஷினை ஓட்டச் சொல்லுப்பா."

"ஓட ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷமாச்சும்மா," என்றார் கூட நின்ற கலவைக்காரர்.

"கரன்ட் போயிருக்கும்," என்றார் பெரியவர், விடாமல்.

வீட்டுக்காரம்மா இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். ரவிக்கையில் ஒரு கை முழுசாகத் தைத்து முடிந்திருந்தது. "இருங்க, இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கலவைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

ஆனால் இரண்டாவது ஷீட்டுக்கு மேலாளர் சும்மா தலையாட்டவில்லை. தன் மாமியாரின் பேச்சு வெளியே வராதபடி அவர் அறைச் சுவருக்கும் ஒன்று மாட்டித் தருவதாக வாக்கு வாங்கியிருக்கிறார்.

"எப்ப மாட்டப் போறீங்க?" என்றேன்.

கலவைக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"அந்த மாமியாரம்மாதாங்க என் தையலுக்கு முதல் கஸ்டமரு," என்றார் மனைவி. "அளவெடுக்க வர்றேன், வர்றேன்னு இவரும் மூணு வாரமா ஓட்டிட்டிருக்காரு."