பன்னிரண்டு டெசிபல்

பிள்ளைகளுக்கு உண்மையைத் தேடக் கற்றுக்கொடுக்கும் ஒருவர், அந்தத் தேடலே தவறான இடத்தில் போய் நின்றுவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வார்? கலவை சாரின் வாழ்க்கை இந்தக் கேள்வியை ஒரே ஒரு முறைதான் கேட்டது.

கணக்கு வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், ஓவியம், கணக்கு ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து, கண்ணெதிரே இருக்கும் ஒரு பிரச்சினையைப் பிள்ளைகளே தீர்க்கும்படி ஒரு வகுப்பு தொடங்கினார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பெரிய ஆசிரியர் என்று சொல்வதற்கில்லை. பேச்சு இழுக்கும், கரும்பலகையில் எழுத்து சாயும். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து, "அது எப்படி சார் தெரியும்?" என்று கேட்டுவிட்டால் அன்று முழுக்க அவர் முகம் மலர்ந்திருக்கும்.

வாரத்துக்கு இரண்டு பீரியட். இரண்டும் இயற்பியல் வாத்தியாரிடமிருந்து பிடுங்கியவை.

"என் பீரியடை எப்ப சார் திருப்பித் தருவீங்க? வட்டி வேணாம், முதல் மட்டும் போதும்" என்பார் அவர், பார்க்கும்போதெல்லாம்.

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "அறிவியல் கண்காட்சியில பரிசு வந்தா வகுப்பு இருக்கும் சார். இல்லைன்னா அடுத்த வருஷம் கிடையாது."

அந்த ஆண்டு பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பிரச்சினை சத்தம். ஜன்னலுக்கு வெளியே தகரப் பட்டறை. பாதிப் பாடத்தைச் சுத்தியல்தான் நடத்தியது. சத்தமளக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது எழுபத்தெட்டு டெசிபல். சத்தத்தை உறிஞ்சும் என்று முட்டை அட்டைகளைச் சேகரித்து, சட்டம் அடித்து, வண்ணம் பூசி, சுவர் முழுக்க மாட்டினார்கள். மறுபடி அளந்தார்கள். அறுபத்தாறு. பன்னிரண்டு டெசிபல் குறைந்திருந்தது. முதல் பரிசு கிடைத்தது.

மேடையில் விளக்கியவள் ஒட்டகச்சிவிங்கி. வகுப்பிலேயே உயரமான பெண். "ரெண்டாவது தடவை அளக்கும்போது நல்ல மழை. அட்டை நனைஞ்சிடுமேன்னு நான்தான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்" என்றாள். நடுவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். கலவை சாரின் கைகள் மட்டும் பாதியில் நின்றன.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை, பட்டறைக்கு இல்லை. தனியாகப் போய் ஜன்னலைத் திறந்து அளந்தார். எழுபத்தேழு. சாத்தினார். அறுபத்தாறு. அட்டைகளையெல்லாம் கழற்றிவிட்டுச் சாத்திய ஜன்னலோடு அளந்தார். அப்போதும் அறுபத்தாறுதான். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, பிள்ளைகளின் சின்னப் பெஞ்சில் காலை மடக்க இடமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சுத்தியல் அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க வேணும்னே செஞ்சீங்களா?"

"இல்ல."

"பிள்ளைங்க?"

"அதுங்களுக்குத் தெரியவே தெரியாதும்மா."

"அப்ப யாரைத் திட்டுறதா இருக்கீங்க, மழையையா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சொன்னா வகுப்பு போயிடும்."

"அப்ப சொல்லாதீங்க."

"சொல்லலைன்னா அது என்ன வகுப்பு?"

அவள் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பிற்பாடு பரிசு திரும்பிப் போனது. நடுவர்களுக்குக் கடிதம் எழுதியவள் ஒட்டகச்சிவிங்கி. இரண்டு பீரியடும் இயற்பியலுக்கே போயின. "இப்படி ஆகும்னு நான் நினைக்கல சார்" என்று இயற்பியல் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். ஓய்வுபெறும்வரை கலவை சார் கணக்கு மட்டுமே நடத்தினார். நேராகச் சொல்லியிருக்கலாம், இல்லை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஏன் இரண்டுமில்லாமல் அப்படிச் செய்தீர்கள் என்று மனைவி உட்படப் பலரும் கேட்டிருக்கிறார்கள். அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் செய்தது இவ்வளவுதான். வகுப்புக்கு முதல் ஆளாக வந்து, ஜன்னல் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து கொக்கி மாட்டினார். கருவியை இயக்கி ஒட்டகச்சிவிங்கியின் மேசைமேல் வைத்தார். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும், "சாக்பீஸ் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சாக்பீஸ் பெட்டி அவர் கையிலேயே இருந்தது.